திரைக்கு இந்தப் பக்கம்

அந்த நாய்க் காப்பகத்தில் வாரத்துக்கு ஒரு நாள் நாய்கள் செத்தன. ஆனால் யாரும் அவற்றைக் கொல்லவில்லை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அங்கே வேலை பார்த்தவர்கள் சிரித்ததில்லை.

ஏற்பாடு இதுதான். கடைசி அறையில் ஒரு மேஜை, மேஜைக்குக் குறுக்கே ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்த நாய், இந்தப் பக்கம் இரண்டு பேர். நாயின் முன்னங்காலில் செருகிய ஊசியிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, கவைபோல் இரண்டாகப் பிரிந்து, திரைக்கு அடியில் நுழைந்து இரண்டு பேர் கைக்கும் வந்து சேரும். டாக்டரம்மா இரண்டு சிரிஞ்சுகளை நிரப்புவார். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் உப்புத் தண்ணீர். மருந்து இளஞ்சிவப்பு என்பதால் தண்ணீரிலும் ஒரு சொட்டுச் சாயம். இரண்டையும் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். பிறகு சூப்பிரண்டு வருவார். கண்ணை மூடிக்கொண்டு தட்டை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு அவரும் போய்விடுவார். வெளியிலிருந்து மணி அடிக்கும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும்.

எந்த சிரிஞ்சு யார் கைக்குப் போனது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. எதில் என்ன இருக்கிறது என்று சூப்பிரண்டுக்குத் தெரியாது. அழுத்துகிறவர்களுக்கு இரண்டுமே தெரியாது. நாலு பேர் கூடி ஒருத்தரும் செய்யாத வேலை. நாய் மட்டும் செத்துப்போயிருக்கும்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் பழைய டாக்டர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவர் காலத்தில் தனி ஆளாக ஊசி போட்ட ஊழியர் ஒருவர், வேலை முடிந்தால் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டுக் குடிக்கப் போக ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் வேலைக்கு வருவதையும் விட்டுவிட்டார். அவர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் டாக்டர் பாரத்தை நாலாகப் பங்கு போட்டார். பங்கு போட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருப்பார். இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று நினைத்திருக்க மாட்டார்.

திரைக்கு இந்தப் பக்கம் நிற்கும் இரண்டு பேரில் ஒருத்தி அக்கா. காவலாளியில் ஆரம்பித்து டாக்டரம்மா வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். சூப்பிரண்டு அவளைவிட மூத்தவர். வேலை ஆக வேண்டியிருந்தால் அவரும் ‘அக்கா’ என்பார், ஆகிவிட்டால் ‘ஏம்மா’. நாய்களுக்குப் புண் துடைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நாய் வளர்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் பேசிப் பார்த்து, எந்த வீட்டுக்கு எந்த நாய் என்று முடிவு செய்வதும் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆள் உள்ளே வந்து நிற்கும் தோரணையிலேயே எந்த நாய் ஒத்துவரும் என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

இன்னொருவன் மாப்பிள்ளை. பிள்ளைகள் தோளுக்கு வளர்ந்த பிறகும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் பவுடர் பூசிய முகமுமாக நாய்க்கூண்டு கழுவ வருகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? இளகின மனசுக்காரன். ஒரு குட்டி இருமினால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அந்தத் திரையும் அந்தத் தண்ணீர் சிரிஞ்சும் இல்லையென்றால் அவன் எப்போதோ ஓடிப்போயிருப்பான்.

இவர்கள் இருக்கட்டும், மேனேஜருக்கு வருவோம். மேனேஜர் ஒரு நாய். பெரிய பழுப்பு நிற நாய். முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் போட்டுக்கொண்டு, லீவு கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் எல்லாரையும் பார்க்கும். அக்காவிடம் மட்டும் குழையும். அவள் வந்தால் கூண்டின் கம்பியில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு சொறியச் சொல்லும். ஒரு தடவை காவலாளியின் சின்னப் பிள்ளை கூண்டுப் பக்கம் போனபோது அது பல்லைக் காட்டி உறுமியது. அக்கா பார்த்தாள். பசி, வேறொன்றும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நமக்குப் பிடித்தவர்களைப் பற்றி நாம் எல்லாரும் சொல்லிக்கொள்வதுதான்.

பிறகு ஒரு அம்மாள் தன் சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நாய் கேட்டு வந்தாள். “குழந்தை இருக்கற வீடாச்சே, ஒண்ணும் பண்ணாதே?” என்று கேட்டாள். “ஒண்ணும் பண்ணாதும்மா, நான் சொல்றேன்ல” என்றாள் அக்கா. மேனேஜர் போயிற்று.

மாதம் ஒன்று ஆகியிருக்காது, திரும்பி வந்தது. அடுத்த நாள் அந்தக் குழந்தையின் அப்பாவும் வந்தார். பேக்கரி வைத்திருப்பவர், சட்டைக் கையில் மாவு. கூடவே அந்தப் பெண் குழந்தை. உதட்டிலிருந்து கன்னம் வரை தையல், அதன் மேல் பெரிய கட்டு.

சூப்பிரண்டின் அறையில் அக்காவும் நின்றிருந்தாள்.

“இந்த நாயை எங்களுக்குக் கொடுத்தது யாருங்க?” என்று கேட்டார் பேக்கரிக்காரர். சத்தம் போடவில்லை.

“நிர்வாகம் விதிப்படிதான் கொடுத்திருக்கு. உங்க வீட்டம்மாவும் சம்மதிச்சுத்தான் வாங்கிட்டுப் போயிருக்காங்க.”

“அது சரிங்க. நிர்வாகம்னா யாரு?”

“நிர்வாகம்னா... நிர்வாகம்தான். தனியா ஒருத்தர்னு சொல்ல முடியாது. இது ஒரு முறை. அந்த முறைப்படி நடக்குது.”

“முறை எப்படிங்க நாயைச் சங்கிலில பிடிச்சுக் கொண்டுவந்து கொடுக்கும்? ஒரு கை கொடுத்திருக்குமில்ல? என் பொண்ணு மூஞ்சில பதிஞ்சது பல்லு. அது யாரு பல்லுன்னு எனக்குத் தெரியுது. இந்தப் பக்கம்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

சூப்பிரண்டு மேஜை மேல் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வாயைத் திறக்க முடியாது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தது, அக்காவை நோக்கிக் கையை நீட்டியது. அவர் அதைப் புரிந்துகொள்ளாமல், “இரும்மா, போயிடலாம்” என்றார்.

அவர்கள் வெளிவாசல் வரை போன பிறகுதான் அக்காவுக்குக் கால் வந்தது. ஓடினாள்.

“அண்ணே, நில்லுங்க. நான்தான் கொடுத்தேன்.”

அவர் திரும்பினார்.

“அது ஒரு பிள்ளையைப் பார்த்து உறுமினது எனக்கு முன்னாலயே தெரியும். பசில உறுமுதுன்னு விட்டுட்டேன். உங்க வீட்டம்மா கேட்டாங்க, ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டேன். வேற யாரும் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

“இதை ஏன் உள்ள சொல்லல?”

“பயம். வேலை போயிடுமேன்னு.”

அவர் குனிந்து குழந்தையைப் பார்த்தார். “என் பொண்ணு உங்களைத்தான் காட்டியிருக்கா. நான் புரிஞ்சுக்கல” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உள்ளே வந்தால் மேனேஜரின் கூண்டில் சிவப்பு அட்டை தொங்கியது. அந்த வாரம் சாக வேண்டியவை என்று சூப்பிரண்டு குறித்ததில் அதுவும் ஒன்று. வழக்கம்போல் திரை, வழக்கம்போல் மணி, அவள் ஒரு சிரிஞ்சு, மாப்பிள்ளை ஒரு சிரிஞ்சு. பிறகு யாருக்கும் ஒன்றும் தெரியாது. அட்டையைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சூப்பிரண்டின் மேல் பாதி, தன் மேல் மீதி. அந்த அறையில் வாயை மூடிக்கொண்டு நின்றாளே, அதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? இந்தத் திரைதான். இத்தனை வருஷமாக அதன் பின்னால் நின்று நின்று, நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு திரை இருப்பதாக அவளுக்குப் பழகிவிட்டது.

நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

“டாக்டரம்மா, இந்தத் தடவை மருந்து எந்த சிரிஞ்சுல இருக்குன்னு எனக்குச் சொல்லிடுங்க.”

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், நியாயமாகப் பேசுகிறவர். “தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க அக்கா? எப்படியும் நடக்கப் போறதுதானே?”

“தெரிஞ்சாத்தான் நடக்கணுமா வேணாமான்னு நான் யோசிக்க முடியும். இதுவரைக்கும் நான் ஒரு நாயைப் பத்தியாவது யோசிச்சிருக்கேனா? என் கைல இருக்கறது தண்ணின்னு நினைச்சுக்கிட்டு அழுத்தினேன். மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைச்சிருப்பான். ரெண்டு பேரும் தண்ணிதான் போட்டிருக்கோம், இத்தனை வருஷமா. அப்ப இதுங்க எல்லாம் எதுல செத்துச்சு?”

பதில் மாப்பிள்ளையிடமிருந்து வந்தது. வாசலில் வாளியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், வாளியைக் கீழே வைத்தான்.

“அக்கா, நீ சொல்றது உனக்குச் சரி. என் கதை என்ன? உன் கைல மருந்து இல்லைன்னு உனக்குத் தெரிஞ்சா, என் கைல இருக்குன்னு ஆகிப்போச்சு. உன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். நீ தெரிஞ்சுக்கறதுக்கு நான் ஏன் தெரிஞ்சுக்கணும்? எனக்குத் தெரிய வேணாம். தெரியாததுனாலதான் நான் வீட்டுக்குப் போய் என் பிள்ளைங்க தலையைத் தடவறேன்.”

அக்காவின் கோபம் அப்படியே நின்றது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் திரையைக் கிழித்தால் அவன் பக்கத்துத் துணியும் சேர்ந்துதான் கிழியும். தன் கை சுத்தமா இல்லையா என்று பார்க்க, அடுத்தவன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்ப அவளுக்கு என்ன உரிமை? வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்து யோசித்தாள். கடைசியில் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

வீட்டில் அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவர் இரும்புக் கேட் அடிக்கும் பட்டறையில் வேலை செய்பவர். எதையும் சட்டென்று பற்றவைத்துப் பேசிவிடுவார்.

“ரெண்டு சிரிஞ்சையும் நானே போடறதா இருக்கேங்க.”

“உனக்கென்ன கிறுக்கா? தெரியாம இருக்கறது ஒரு வசதி. எத்தனை பேருக்கு அது கிடைக்குது? கிடைச்சதை ஏன் வலியப் போய்க் கெடுத்துக்கற?”

“வசதிதான். அந்த வசதியாலதான் அந்தக் குழந்தை என்னைக் கையை நீட்டிக் காட்டறப்ப நான் செவுத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.”

“அந்த சூப்பிரண்டு உன்னைத் தூக்கி எங்கயாவது போட்டுடுவான். வேலையே போனாலும் போகும். அதுக்கு அந்த நாயை இங்க கூட்டிட்டு வந்துடேன்.”

சொன்னவுடனே அவருக்கே தெரிந்துவிட்டது. மகள் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் பேரன் அவர் மடியில் ஏறி மீசையை இழுத்துக்கொண்டிருந்தான். இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் அக்கா ஒரு வேலை செய்தாள். அந்தக் காப்பகத்தில் அதுவரை யாரும் செய்யாத வேலை அது. ஒரு நாய் சாக வேண்டுமா வேண்டாமா என்று யோசித்தாள். சொன்னால் லேசாக இருக்கிறது. மேனேஜரின் கூண்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்தாள். பொம்மையைக் காட்டினாள், கீச்சுக் குரலில் பேசிப் பார்த்தாள். அது காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் கம்பி மேல் பாய்ந்தது. பிறகு அவளிடம் வந்து முதுகைக் கொடுத்தது. நாய் பழக்குகிறவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர், “உறுமிட்டுக் கடிச்சா பழக்கலாம். இது இப்ப உறுமறதையே நிறுத்திடுச்சு” என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டாள். “டாக்டரா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா என் பொண்ணு இருக்கற தெருவுல இதை விட மாட்டேன்” என்றார் அவர். கூண்டிலேயே வைத்துக் காலமெல்லாம் சோறு போடலாமா என்று யோசித்தாள். நிமிர்ந்து நின்றால் முதுகு இடிக்கும் கூண்டு அது. தன் மனசு நோகாமல் இருக்க அதை அதற்குள் கிடக்கவிடுவதும் ஒரு திரைதான் என்று பட்டது.

அழுதாள். அழுது முடித்துவிட்டு முடிவு செய்தாள்.

அந்த நாள் வந்தது. சூப்பிரண்டு தட்டைச் சுழற்ற வந்தபோது, பச்சைத் திரை கம்பியிலிருந்து கழற்றி மடித்து நாற்காலியில் வைக்கப்பட்டிருந்தது. மேஜையில் மேனேஜர் மயக்கத்தில் படுத்திருந்தது. அக்கா அதன் தலைமாட்டில் நின்றாள். மாப்பிள்ளை கதவோரம். டாக்டரம்மாவும் இந்தத் தடவை வெளியே போகாமல் அங்கேயே நின்றார்.

“ஏம்மா, என்ன இது?”

“தட்டை இங்க வைங்க சார். சுத்த வேணாம். ரெண்டையும் நானே போடறேன். மாப்பிள்ளை வெளிய போகட்டும்.”

“அப்படியெல்லாம் பண்ண முடியாது. முறைன்னு ஒண்ணு இருக்கு. உன் நல்லதுக்குத்தான் இந்த ஏற்பாடே.”

“என் நல்லது எனக்குத் தெரியும். இந்த நாயை நம்பி ஒரு குழந்தைக்கிட்ட அனுப்பினவ நான். இது சாகறதுதான் சரின்னு நானே யோசிச்சு முடிவு பண்ணியிருக்கேன். நீங்க தொங்கவிட்ட அட்டைக்காக இல்ல. என் முடிவு தப்பா இருந்தா, அது என் தப்பா இருக்கட்டும். உங்க நாலு பேர் நடுவுல அதைத் தொலைக்க நான் தயாரா இல்ல.”

“மேல எழுதினா என்ன ஆகும் தெரியுமா? செத்த நாய் அள்ளற வண்டிக்கு மாத்திடுவாங்க.”

“எழுதுங்க.”

சூப்பிரண்டு டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தட்டிலிருந்து தண்ணீர் சிரிஞ்சை எடுத்துத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, மருந்து சிரிஞ்சை அக்காவின் கையில் கொடுத்தார். யாரும் மணி அடிக்கவில்லை. அக்கா ஒரு கையால் மேனேஜரின் முதுகைச் சொறிந்தாள். இன்னொரு கையால் மெதுவாக அழுத்தினாள். அழுத்தும்போது விரலுக்கு ஒரு கனம் தெரிந்தது. இத்தனை வருஷமும் அந்தக் கனம் இருந்திருக்க வேண்டும், அவள்தான் கவனித்ததில்லை. நாயின் வயிறு ஏறி இறங்கியது, இன்னொரு முறை ஏறி இறங்கியது, பிறகு ஏறவில்லை.

“நான்தான் கொன்னேன்” என்றாள் அக்கா. யாரும் கேட்காமலே சொன்னாள். சூப்பிரண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போனார். நாய் செத்ததற்கு இல்லை. அந்த வார்த்தையை அந்த அறையில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்று அவள் பேக்கரிக்குப் போய் அவரிடமும் அதையே சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். மன்னிப்பு ஒன்றும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அக்காவுக்கு வேலை போகும் என்று காப்பகமே எதிர்பார்த்தது. அதுதான் இல்லை. சூப்பிரண்டு கொஞ்ச நாள் கறுவிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு வந்து யாரும் பார்த்ததில்லை. நாலு பேர் சுமந்ததை ஒருத்தி தானாக வந்து தலையில் ஏற்றிக்கொண்டாள் என்றால், அதை எதற்கு இறக்க வேண்டும்?

“அக்கா பாத்துக்குவாங்க” என்று சொல்ல ஆரம்பித்தார். சிவப்பு அட்டை தொங்கியதா, அக்கா பார்த்துக்கொள்வாள். யாராவது கேள்வி கேட்டார்களா, “அதெல்லாம் அக்கா டிபார்ட்மெண்டு.” திரையை மூட்டை கட்டிப் பரணில் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு விடுதலை. அவன் அக்காவுக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுத்தான், கண்ணைப் பார்த்துப் பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டான். காவலாளி அவள் போகும்போது தன் பிள்ளையை ஓரமாக இழுத்துக்கொண்டான். அவர்களுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. இனிமேல் ஒருத்தி கொன்றாள், மற்ற எல்லாரும் நல்லவர்கள்.

அக்காவுக்கு இது புரியாமல் இல்லை. நடுவில் வந்த இரண்டு நாய்கள் நோயில் துடித்துக்கொண்டிருந்தவை. பார்த்தாள், யோசித்தாள், அழுத்தினாள்.

அப்புறம் அந்த வெள்ளைப் பெட்டை வந்தது.

ஒரு கால் லேசாக இழுத்து நடக்கும். மற்றபடி குத்துக்கல்லாக இருந்தது. வீடு மாற்றிக்கொண்டு போனவர்கள் கட்டிப்போட்டுவிட்டுப் போனது. யாரும் கேட்டு வரவில்லை, வைத்திருக்க வேண்டிய கெடு தாண்டிவிட்டது, கூண்டு வேண்டும். சிவப்பு அட்டை மாட்டியாகிவிட்டது. அந்த வாரத்து நாளில் மாப்பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் விட்டான். அது மேஜையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்து எல்லாரையும் பார்த்து வாலை ஆட்டியது. டாக்டரம்மா மயக்க மருந்தை எடுத்தார்.

“வேணாம் டாக்டரம்மா. இதுக்கு நான் போடப் போறதில்ல” என்றாள் அக்கா.

சூப்பிரண்டு வாசலில் நின்றிருந்தார். “என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த நாயும் நல்லாத்தான் இருக்கு. கடிக்கல, நோய் இல்ல, வலி இல்ல. இதைக் கொல்றதுக்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கல.”

“காரணம் நீ எதுக்கும்மா தேடற? அட்டை இருக்கில்ல?”

“அட்டை அழுத்தாதே சார். நான்தானே அழுத்தணும்.”

“அதைத்தான் நீயே கேட்டு வாங்கிக்கிட்ட. நான்தான் செய்வேன்னு அன்னைக்கு இங்க நின்னு வீரமாப் பேசின. இப்ப மாட்டேன்னா எப்படி?”

“நான்தான் செய்வேன்னு சொன்னதாலதான் இப்ப மாட்டேன்னு சொல்றேன். உங்களுக்குக் கைதான் வேணும்னா அன்னைக்கே என்னைத் தடுத்திருக்கணும். நான் கை மட்டும் இல்ல, யோசிச்சு முடிவு பண்றவளும்தான்னு அன்னைக்கே சொன்னேன். நீங்க பாதியைத்தான் காதுல வாங்கியிருக்கீங்க. போடறேன்னு சொல்ற அதே வாய்க்குத்தான் போட மாட்டேன்னு சொல்லவும் உரிமை.”

சூப்பிரண்டுக்குக் கழுத்து சிவந்தது. “சரி. நீ இல்லைன்னா உலகம் நின்னுடாது. மாப்ளே, பரண்ல இருந்து அந்தத் திரையை எடு. பழைய முறைப்படியே நடக்கும்.”

மாப்பிள்ளை தயங்கித் தயங்கித் திரையை எடுத்துவந்து மாட்டினான். டாக்டரம்மா நாய்க்கு மயக்கம் கொடுக்க மறுத்துவிட்டார். “முழிப்போட போட்டாலும் மருந்து வேலை செய்யும். ஆனா அதை நீங்கதான் பிடிச்சுக்கணும்” என்று மட்டும் சொன்னார். சூப்பிரண்டு விடவில்லை. காலில் ஊசியாவது செருகச் சொன்னார், கவைக் குழாயை மாட்டச் சொன்னார், இரண்டு சிரிஞ்சை நிரப்பச் சொன்னார். டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு அதைச் செய்தார். அந்தப் பக்கம் நாய் சாதுவாக உட்கார்ந்து காலைக் கொடுத்தது. அக்கா அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஆக, திரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் குறைந்தது.

ஆள் வேண்டுமே. காவலாளியைக் கூப்பிட்டார், அவன் கேட்டைப் பார்க்க வேண்டும் என்றான். கடைசியில் சூப்பிரண்டே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு சிரிஞ்சை எடுத்தார். மாப்பிள்ளை இன்னொன்றை எடுத்தான். மணி அடிக்கக்கூட வெளியே ஆள் இல்லை.

“மூணு சொன்னதும் அழுத்து” என்றார் சூப்பிரண்டு.

மாப்பிள்ளை கையில் இருந்த சிரிஞ்சைப் பார்த்தான். திரைக்குப் பின்னால் நாயின் வால் மேஜையில் தட்டும் சத்தம் கேட்டது.

“சார், எனக்கு ஒண்ணு சொல்லணும்.”

“அப்புறம் சொல்லு.”

“இல்ல சார், இப்பவே. இத்தனை நாள் நான் இதை மழை வெயில் மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தேன். அது பாட்டுக்கு நடக்கும், நாம நின்னாலும் நடக்கும், நிக்கலைன்னாலும் நடக்கும்னு. அதான் நின்னேன். வேணாம்னு ஒருத்தர் சொன்னா நின்னுடும்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு.” சிரிஞ்சைத் தட்டில் வைத்தான். “அக்கா, நீ என்னைக் கெடுத்துட்ட.”

“உன்னை நான் ஒண்ணும் சொல்லல மாப்ளே. உன் கை, உன் இஷ்டம்” என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அதான் சொல்றேன். என் இஷ்டம்.”

சூப்பிரண்டு தனியாக நின்றார். ஒருத்தர் மட்டும் அழுத்தினால், அழுத்தியது அவர்தான். சிரிஞ்சில் இருப்பது தண்ணீரே ஆனாலும், சாகட்டும் என்று அழுத்திய ஆள் அவர்தான். அந்தப் பழைய டாக்டர் எவ்வளவோ யோசித்துக் கட்டிய ஏற்பாட்டில் இது ஒன்றுதான் ஓட்டை, இரண்டாவது ஆள் வேண்டும். அவர் கட்டைவிரல் சிரிஞ்சின் தலையில் இருந்தது. எத்தனையோ கூண்டுகளில் அட்டை தொங்கவிட்ட மனிதர்தான், விரல் மட்டும் இறங்க மாட்டேன் என்றது. எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகக்கூட இருக்கிறது.

“மேல எழுதப் போறேன்” என்றார் கடைசியில்.

அக்கா திரையை ஒரு கையால் ஒதுக்கினாள். நாயின் காலிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“எழுதுங்க சார். முதல்ல மாட்டேன்னு சொன்னது நான். மாப்பிள்ளை இல்ல, டாக்டரம்மா இல்ல, நிர்வாகம் இல்ல. தெளிவா என் பேரைப் போட்டே எழுதுங்க. என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்.”

“இதை எங்க வைப்ப? கூண்டு கிடையாது, சொல்லிட்டேன்.”

“என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வீட்டுக்காரரு கோவத்துல ஆடுவாரு, ஆடட்டும். பேரன் பக்கத்துல ஒரு வாரம் கட்டிவச்சுப் பார்ப்பேன், கண்ணை எடுக்காம. சரியா வரலைன்னா அப்பவும் முடிவு பண்ண வேண்டியவ நான்தான்.”

நாயை மேஜையிலிருந்து இறக்கினாள். அது உடம்பை ஒரு உதறு உதறிக்கொண்டு அவள் காலோடு ஒட்டி நின்றது. டாக்டரம்மா கதவைத் திறந்துவிட்டார். சூப்பிரண்டு கையில் இருந்த சிரிஞ்சைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“அக்கா” என்றார். இந்தத் தடவை நிஜமாகவே அக்கா என்றுதான் வந்தது. “இதை இப்ப நான் என்ன பண்றது?”

“அதை நீங்கதான் சார் முடிவு பண்ணணும்” என்று சொல்லிவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.